கற்கும் நேரத்துக்குச் சனிக்கிழமையைப் பிடுங்காதீர்கள்

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துபவர்களிடம், டெவலப்பர்கள் புதிதாகக் கற்க நேரம் ஒதுக்க வேண்டும் என்ற எண்ணம் வந்திருப்பது நல்ல விஷயம். அந்த நேரத்தை எதிலிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் சறுக்குகிறோம்.

இருப்பதிலேயே பெரிய தவறு, வேலையைக் குறைக்காமல் நேரம் கொடுப்பது. 'வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் உங்கள் இஷ்டம்' என்று அறிவிப்பார்கள். ஸ்பிரின்ட் போர்டில், அதாவது அந்தச் சுற்றில் முடிக்க வேண்டிய வேலைகளின் பட்டியலில், ஐந்து முழு நாளுக்கான டிக்கெட்கள் (தனித்தனி வேலைகள்) அப்படியே இருக்கும். மிச்சம் சனிக்கிழமை தலையில் விழும். வெள்ளி இரவு அரூருக்கோ பாலக்கோட்டுக்கோ பஸ் ஏற வேண்டிய பிள்ளைகள் லேப்டாப்போடு ரூமிலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

வேலை நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஊழியர்கள் தாங்களே தேர்ந்தெடுத்த முயற்சிக்குச் செலவிடலாம் என்ற கூகுளின் 20 சதவீத நேரத்தை எல்லோரும் உதாரணம் காட்டுகிறோம். 2004-ல் பங்கு வெளியிட்டபோது நிறுவனர்கள் எழுதிய கடிதத்திலேயே அது இருக்கிறது. கூகுள் நியூஸின் முதல் வடிவம் அந்த நேரத்தில் உருவானதுதான். அதை உருவாக்கிய கிருஷ்ணா பரத் சென்னை ஐஐடியில் படித்தவர். ஆனால் அங்கே பல ஆண்டுகள் உயர்பொறுப்பில் இருந்த மரிசா மேயர், அது உண்மையில் 120 சதவீத நேரம், அதாவது முழு வேலைக்கும் மேலே செய்வது என்று பின்னாளில் சொன்னார். ஆகவே அரை நாள் கொடுத்தால், நாலரை நாளுக்கு மட்டும் டிக்கெட் போடுங்கள். கிளையன்டுக்குத் தேதி சொல்லும்போதும் அதே கணக்குதான்.

அடுத்தது, உடனே லாபம் கேட்பது. எனக்குத் தெரிந்த ஒரு டெவலப்பரின் அப்பா, ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி கொண்டுபோகிறவர். எத்தனை பெட்டி போனது, என்ன விலை என்று குறித்துவைக்க அந்தப் பெண் ஒரு ஆப் எழுதினார். சிக்னல் இல்லாதபோது பதிவைப் போனிலேயே வைத்து, கிடைத்ததும் சர்வருக்கு அனுப்ப வேண்டும். ஒரே பதிவை அப்பாவும் அண்ணனும் தனித்தனி போனில் மாற்றியிருந்தால் எதை ஏற்பது? இந்தக் கேள்வியோடு அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது டீம் லீட் வந்து, "நல்லாதாம்மா இருக்கு, இதுல கம்பெனிக்கு என்ன?" என்றார். அடுத்த வாரமே அந்தப் பெண் ஆப்பை மூடிவிட்டு ஏதோ ஒரு சான்றிதழ் கோர்ஸில் சேர்ந்துவிட்டார். எந்த வகுப்பும் எளிதில் தராத பாடம் பாதியில் நின்றது. 'கம்பெனிக்கு என்ன?' என்ற அந்த ஒரு கேள்வியை ஆறு மாதத்துக்காவது கேட்காமல் இருங்கள்.

மாதாமாதம் எல்லோரும் டெமோ காட்டியே ஆக வேண்டும் என்பதும் வேண்டாம். காட்ட விரும்புகிறவர் காட்டட்டும்.

சாஃப்ட்வேரை வெளியிடும் ரிலீஸ் தேதி நெருக்கினால் முதலில் வெட்டுப்படுவது கற்கும் நேரம்தான். தள்ளிவைப்பது தவிர்க்க முடியாவிட்டால், மாற்று நாளை அன்றே காலண்டரில் போட்டுவிடுங்கள். டீம் லீடுக்கும் அதே அரை நாளைக் கொடுங்கள். அவர் டிக்கெட் மூடிக்கொண்டிருந்தால் ஜூனியர்கள் யாரும் தைரியமாக வேறு எதையும் திறக்கமாட்டார்கள்.