கடை கம்ப்யூட்டரில் எந்த போர்ட் (நெட்வொர்க் இணைப்புகள் உள்ளே வரும் எண்ணிட்ட வாசல்) திறந்திருக்கிறது?
கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து நெட்ஸ்டாட் என்று அடித்து, இடைவெளி விட்டு, சிறு கோடும் ஏ, என், ஓ எழுத்துகளும் சேர்த்து என்டர் தட்டுங்கள். இணைப்புக்காகக் காத்திருக்கும் போர்ட்டுகள் 'லிஸனிங்' என்று வரும். வரியின் கடைசி எண்ணை டாஸ்க் மேனேஜரின் டீடெயில்ஸ் பகுதியில் தேடினால் எந்த புரோகிராம் என்று தெரிந்துவிடும்.

திருநெல்வேலி டவுன் ரதவீதிக் கடைக்காரர்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது 3389. பில் சாஃப்ட்வேரைச் சரிபார்க்க வந்தவர் ரிமோட் டெஸ்க்டாப்பை (வேறு இடத்திலிருந்து இந்தக் கம்ப்யூட்டரை இயக்கும் வசதி) அணைக்காமல் போயிருந்தால் அது அங்கே நிற்கும். தேவையில்லை என்றால் செட்டிங்ஸில் அணைத்துவிடுங்கள். 445 ஃபைல் ஷேரிங். விண்டோஸில் வழக்கமாக இருப்பதுதான், பதற வேண்டாம். முகவரி 127.0.0.1 என்று தொடங்குபவை அந்த மெஷினுக்குள்ளேயே பேசிக்கொள்பவை.

ரவுட்டர் வெளியே எதைத் திறந்து வைத்திருக்கிறது என்பதை மட்டும் இது காட்டாது. அதை ரவுட்டர் செட்டிங்ஸில்தான் பார்க்க வேண்டும்.