அகரத்துக்கு முன் டகரம்: விரல்களைப் பழக்கியபடி எழுத்துக் கற்பிக்கும் முறை

மூன்று வயதுக் குழந்தையிடம் பென்சிலைக் கொடுத்து 'அ' எழுதச் சொன்னால், அது விரல்களை அசைக்காமல் முழுக்கையையும் அசைத்தே எழுத முயலும். இது பிடிவாதம் அன்று. மணிக்கட்டில் உள்ள 8 சிறு எலும்புகளும் பிறக்கும்போது பெரும்பாலும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. அவை ஒவ்வொன்றாக இறுகுவதற்குப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே எழுத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை, பென்சிலை மட்டும் தள்ளிப்போடலாம் என்பதே என் கருத்து.

முதலில் எழுத்துகளைத் தேர்ந்துகொள்ளுங்கள். அரிச்சுவடி வரிசை பாடிப் பழகுவதற்கு அருமையானது. ஆனால் கைக்கு எளிதான வரிசை வேறு. 'அ' சுழியில் தொடங்கி, வளைந்து, நேர்கோட்டில் முடிவதால் பிஞ்சு விரலுக்குக் கடினமானது. 'ட' என்பதோ கீழ்நோக்கி ஒரு கோடு, வலப்பக்கமாக ஒரு கோடு, அவ்வளவுதான். அதனுடன் மேல்நோக்கி ஒரு கோடு சேர்ந்தால் 'ப'. அந்தக் கோட்டின் உச்சியிலிருந்து உள்ளே வளைந்து இறங்கினால் 'ம'. இந்த மூன்றோடு தொடங்குங்கள். தமிழ்ச் சொல் டகரத்தில் தொடங்காது என்பதால், அந்த எழுத்தைப் 'படம்' என்ற சொல்லின் நடுவில் காட்டுவதே பொருத்தம்.

அடுத்து, சப்பாத்தி மாவில் சிறிது கொடுத்துப் பிசையவும், கயிறுபோல் உருட்டவும் விடுங்கள். உருட்டிய கயிற்றை ஒருமுறை மடித்தால் 'ட', இருமுறை மடித்தால் 'ப'. பிசைவதால் உள்ளங்கைத் தசைகளும் உருட்டுவதால் விரல்களும் வலுப்பெறுகின்றன.

பிறகு, அடர்நிறத் தட்டு ஒன்றில் ரவையை மெல்லிய படலமாகப் பரப்பி, சுட்டுவிரலால் எழுதச் செய்யுங்கள். படலம் தடித்திருந்தால் கோடு மூடிக்கொள்ளும். விஜயதசமியன்று அரிசியில் எழுத வைப்பதும், திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுத வைத்ததும் இதே வழிதான். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைத் தடவச் செய்தார்; 1907இல் உரோமில் 'குழந்தைகள் இல்லம்' என்ற தம் முதல் பள்ளியைத் தொடங்கிய அவர், 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளித்தார். உப்புத்தாளை வெட்டி அட்டையில் ஒட்டிக்கொண்டால் நீங்களும் செய்யலாம். சுட்டுவிரலும் நடுவிரலும் எழுதும் திசையிலேயே செல்ல வேண்டும். தடவும்போது 'பானா' என்று பெயரைச் சொல்லாமல் 'ப' என்று ஒலியைச் சொல்லுங்கள். சொற்களைக் கூட்டி வாசிக்கும்போது ஒலிதான் உதவும்.

எனக்கு மிகவும் பிடித்த படி புள்ளி வைப்பது. 'ட', 'ப', 'ம' அட்டைகளில் சிலவற்றைக் கூடுதலாகச் செய்துகொண்டு, 'படம' என்று அடுக்கி, கடைசி எழுத்தின் தலைமேல் ஒரு புளியங்கொட்டையை வைக்கச் சொல்லுங்கள், 'படம்' கிடைத்துவிடும். இப்படியே மடம், பட்டம், மட்டம் ஆகியவற்றையும் அமைக்கலாம். கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் சிறு பொருளை எடுத்து, குறித்த இடத்தில் வைக்கும் இந்தச் செயல்தான் பின்னாளில் பென்சில் பிடிப்பதற்கு அடித்தளம். மெய்யெழுத்து என்றால் என்ன என்பதையும் விளக்கமின்றியே அது புரியவைக்கிறது. பொருள்களை வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளும் குழந்தையாக இருந்தால், கொட்டைக்குப் பதிலாகப் பெரிய மாவு உருண்டையைக் கொடுத்து, அருகிலேயே இருங்கள்.

இவை பழகிய பின்னரே சிலேட்டும் பலப்பமும். பலப்பத்தை இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டாக உடைத்துக் கொடுங்கள். நீண்ட குச்சியை முழுக்கையால் இறுக்கிப் பிடிக்கலாம், சிறு துண்டையோ விரல் நுனிகளால்தான் பிடிக்க முடியும். சிலேட்டைச் சுவரில் சாய்த்து வைத்தால் மணிக்கட்டு பின்னோக்கி மடிந்து, விரல்கள் எளிதாக இயங்கும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். கை வலிக்கிறது என்றால் உடனே நிறுத்திவிடுங்கள். இடக்கையால் எழுத விரும்பும் குழந்தையை வலக்கைக்கு மாற்றவே வேண்டாம். மூன்று எழுத்துகளும் தடுமாற்றமின்றி வந்த பிறகு 'ய', 'வ' என வளைவுகளுக்குச் செல்லுங்கள். 'ண', 'ஐ', 'ழ' போன்றவை கடைசியில் வரட்டும்.