டிராயிங்கைத் திறக்காமலே ஸ்கிரிப்டால் திருத்துகிறீர்களா? வழுக்கும் இடங்கள் இவை

அந்த மெயில் எப்போதும் சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் வரும். ஆட்டோகேட் டிராயிங்குகளின் டைட்டில் பிளாக்கில் (ஷீட் விவரங்கள் எழுதும் கட்டத்தில்) ரிவிஷன் பி-யை சி ஆக்க வேண்டும், தேதியை மாற்ற வேண்டும், காலையில் அனுப்பிவிட வேண்டும். மொத்தம் 180 ஷீட். திறந்து, திருத்தி, சேமித்து, மூட ஷீட்டுக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தாலும் ஆறு மணி நேரம். ஸ்கிரிப்ட் தெரிந்தவருக்கு ஐந்து நிமிட வேலை என்று நினைத்துத்தான் முதல் தடவை நானும் இறங்கினேன். ஐந்து நிமிடத்தில் முடிந்தும் விட்டது. அதைச் சரிசெய்ய அடுத்த இரண்டு நாள் ஆனது.

ஆட்டோகேட் ஃபைலைத் திரையில் திறக்காமல் திருத்தப் பொதுவாக மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. டிராயிங்கை எழுத்தாக வைக்கும் டிஎக்ஸ்எஃப் வடிவத்துக்கு மாற்றிக்கொண்டு பைதானின் ஈஸிடிஎக்ஸ்எஃப் நூலகத்தால் திருத்துவது ஒன்று. நிரல் எழுதுவது லிஸ்ப், விபிஏ என்றால் ஆப்ஜெக்ட்டிபிஎக்ஸ் நூலகம், டாட்நெட் என்றால் தனி டேட்டாபேஸ் என்று, ஃபைலை நினைவகத்தில் மட்டும் ஏற்றித் திருத்துவது இன்னொன்று. மூன்றாவது, 2013 பதிப்பிலிருந்து ஆட்டோகேடுடனேயே வரும் கோர் கன்சோல். ஜன்னல் இல்லாத ஆட்டோகேட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றிலும் சறுக்கும் விதம் வேறு, காரணம் ஒன்றுதான். திரையில் என்ன தெரிகிறதோ அதுவே ஃபைலுக்குள்ளும் இருக்கிறது என்று நம்பிவிடுகிறோம்.

டிஎக்ஸ்எஃப்-ஐ நோட்பேடில் மாற்றுவது

டிஎக்ஸ்எஃப் வெறும் எழுத்து ஃபைல்தானே, ஃபைண்ட்-ரீப்ளேஸ் போட்டால் போதாதா? இந்த ஆசை எல்லாருக்கும் ஒருமுறை வரும். உள்ளே பார்த்தால் ஒரு வரியில் குறியீட்டு எண், அடுத்த வரியில் அதன் மதிப்பு என்று ஜோடி ஜோடியாகப் போகும். 0 என்றால் பொருளின் வகை, 8 என்றால் லேயர், 10, 20, 30 ஆயத்தொலைவுகள், 1 என்றால் எழுத்து, 5 என்றால் ஹேண்டில். ஹேண்டில் என்பது ஒவ்வொரு கோட்டுக்கும் வட்டத்துக்கும் ஆட்டோகேட் கொடுத்திருக்கும் அடையாள எண். அது ஹெக்ஸாடெசிமல், அதாவது 0 முதல் 9 வரையுள்ள இலக்கங்களோடு ஏ முதல் எஃப் வரையுள்ள எழுத்துகளும் கலந்து வரும்.

இப்போது கிரிட் (தூண் வரிசைக் கோடுகளின் குறி) பெயர் ஏ1-ஐ பி1 ஆக்கச் சொல்கிறார்கள். நோட்பேடில் 'எல்லாவற்றையும் மாற்று' என்று அழுத்துகிறீர்கள். கிரிட் மாறும். கூடவே 3ஏ1எஃப் என்ற ஹேண்டில் 3பி1எஃப் ஆகும். அந்த எண்ணில் ஏற்கெனவே வேறொரு பொருள் இருந்தால் ஒரே அடையாளத்தில் இரண்டு பொருள்கள். அச்சுத்தாளின் பெயரான ஐஎஸ்ஓ ஏ1-ம் பி1 ஆகிவிடும். அளவு மட்டும் பழைய 841-க்கு 594-ஆகவே நிற்கும். திறக்கும்போது ஆட்டோகேட் ரெக்கவர் கேட்டால் அதிர்ஷ்டம். சத்தமில்லாமல் திறந்துகொண்டால்தான் ஆபத்து.

ஆகவே டிஎக்ஸ்எஃப் அமைப்பைப் புரிந்துகொள்ளும் நூலகம் வழியாக, இந்த வகைப் பொருளின் இந்தப் பண்பு என்று குறிப்பிட்டு மாற்றுங்கள்.

எழுத்தைத் தேடும்போது

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். கட்டுமான டிராயிங்கில் மிக அதிக சேதம் இதில்தான் வருகிறது.

பொதுக் குறிப்பில் 'எம்25 கிரேடு கான்கிரீட்' என்று இருக்கிறது. எம்30 ஆக்க வேண்டும். திரையில் எம்25 ஒரே சொல். ஆனால் முன்பு யாரோ 25-ஐ மட்டும் தேர்ந்தெடுத்து போல்ட் ஆக்கியிருந்தால், எம்டெக்ஸ்ட்டுக்குள் (ஆட்டோகேடின் பலவரி எழுத்து) எம்-க்கும் 25-க்கும் நடுவில் ஒரு நெளிவு அடைப்பு, ஃபான்ட் பெயர், அரைப்புள்ளி எல்லாம் உட்கார்ந்திருக்கும். உங்கள் தேடலுக்கு அந்த ஒரு இடம் சிக்காது. மற்ற ஷீட்களில் எம்30, ஒரு ஷீட்டில் மட்டும் எம்25. சைட்டில் அந்த ஷீட்தான் கையில் இருக்கும், பந்தயம் கட்டலாம்.

எம்டெக்ஸ்ட் நீளமாக இருந்தால் இன்னொரு சிக்கல். டிஎக்ஸ்எஃப்-இல் அது 250 எழுத்துகளுக்கு ஒருமுறை வெட்டப்பட்டு, முன்துண்டுகள் குறியீடு 3-லும் கடைசித் துண்டு குறியீடு 1-லும் எழுதப்படும். நீங்கள் தேடும் சொல் சரியாக அந்த வெட்டில் விழுந்தால் பாதி அங்கே, பாதி இங்கே. நூலகம் துண்டுகளை ஒட்டிக் கொடுத்துவிடும். சொந்தமாக வரி வரியாகப் படிக்கும் ஸ்கிரிப்ட் தவறவிடும்.

நான் இப்போது செய்வது இதுதான். ஃபார்மட் குறிகளை நீக்கிய சுத்தமான வடிவத்தில் ஒருமுறை தேடுகிறேன், உள்ளிருக்கும் மூல வடிவத்தில் ஒருமுறை தேடுகிறேன். முதலாவதில் கிடைத்து இரண்டாவதில் கிடைக்காதவை எவையோ, அவற்றை ஒரு பட்டியலாக எழுதிக்கொண்டு கையாலேயே திறந்து திருத்துகிறேன். சுத்தமான வடிவத்தையே திருப்பி எழுதிவிடலாம் என்று தோன்றும். எழுதினால் போல்ட், கலர், அடுக்குப் பின்னம் எல்லாம் போய்விடும்.

தமிழில் எழுதிய டிராயிங் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய டிராயிங்குகளில் பாமினி போன்ற ஃபான்ட்டில் அடித்திருப்பார்கள். திரையில் 'அம்மா' என்று தெரிவது ஃபைலுக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில எழுத்துகள்தான். யூனிகோடில் அடித்துத் தேடினால் எந்தக் காலத்திலும் கிடைக்காது. யூனிகோடில் இருந்தாலும் 2007-க்கு முந்தைய டிஎக்ஸ்எஃப் வடிவங்களில் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் ஒரு சாய்கோடு, யூ, கூட்டல் குறி, நான்கு இலக்க எண் என்று எழுதப்பட்டிருக்கும். 2007 வடிவத்திலிருந்துதான் டிஎக்ஸ்எஃப் யூடிஎஃப்-8.

டைட்டில் பிளாக்

என் 180 ஷீட் கதைக்கு வருகிறேன். பிளாக் என்பது ஒரே பெயரில் சேர்த்து வைத்த வரைபடத் தொகுப்பு, அட்ரிபியூட் என்பது அதில் மதிப்பை நிரப்பும் இடம். பிளாக் எடிட்டரில் நாம் பார்க்கும் அட்ரிபியூட் ஓர் அச்சு, அதாவது மாதிரி மட்டுமே. ஷீட்டில் பிளாக்கை வைத்த நொடியில் அதன் நகல் தனியாகப் பிறந்துவிடும், 'சி' என்று நாம் எழுதும் மதிப்பு அந்த நகலில்தான் இருக்கும். அச்சைத் திருத்திவிட்டு நகல் மாறும் என்று காத்திருப்பது எல்லாரும் செய்யும் முதல் தவறு. இதை நான் செய்யவில்லை, படித்திருந்தேன். மாடல் ஸ்பேஸில் (வரையும் இடத்தில்) மட்டும் தேடும் தவறையும் செய்யவில்லை. டைட்டில் பிளாக் பெரும்பாலும் லேஅவுட்டில் (அச்சிட அமைக்கும் தாளில்) இருக்கும் என்று தெரியும்.

நான் மாட்டியது டைனமிக் பிளாக்கில். ஷீட் அளவுக்கேற்ப நீட்டிச் சுருக்கும் டைட்டில் பிளாக் அது. டைனமிக் பிளாக்கின் அளவை இழுத்து மாற்றியதும் ஆட்டோகேட் அதற்கு நட்சத்திரக் குறி, யூ, ஓர் எண் என்று பெயரில்லாப் பிளாக் ஒன்றை உள்ளே உருவாக்கிக்கொள்ளும். ப்ராப்பர்ட்டீஸில் பார்த்தால் பழைய பெயரே காட்டும். பெயரை ஒப்பிட்ட என் ஸ்கிரிப்ட் அந்த ஷீட்களைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய், கடைசியில் '180 ஃபைல் முடிந்தது' என்று பெருமையாக எழுதியது. பாதி ரிவிஷன் பி-யாகவே கிளையன்ட்டுக்குப் போனது. ஆப்ஜெக்ட்டிபிஎக்ஸில் எஃபெக்டிவ் நேம் என்ற பண்பை ஒப்பிட்டிருந்தால் தப்பித்திருப்பேன்.

அதைவிடப் பெரிய தவறு, ஃபைல்களை எண்ணினேன், மாற்றங்களை எண்ணவில்லை. இப்போது ஒவ்வொரு ஃபைலுக்கும் 'எதிர்பார்த்தது 1, மாற்றியது 1' என்று ஒரு வரி எழுத வைக்கிறேன். 0 வந்தாலும் சிவப்பு, 2 வந்தாலும் சிவப்பு.

மாற்றிய பிறகு எழுத்து இடம் நகர்ந்து நிற்பதையும் பார்த்திருப்பீர்கள். நடுவில் நிற்க வேண்டிய ரிவிஷன் எழுத்து இடப்பக்கம் ஒதுங்கியிருக்கும். தனி டேட்டாபேஸில் திருத்தும்போது வருவது இது. நடு, வலது என்று சீரமைத்த எழுத்தின் தொடக்கப் புள்ளியை எழுத்தின் அகலத்தை வைத்துக் கணக்கிட வேண்டும். அந்தக் கணக்கு நடப்பு டேட்டாபேஸை வைத்துத்தான் நடக்கும். டாட்நெட்டில் வொர்க்கிங் டேட்டாபேஸைத் தற்காலிகமாக உங்கள் ஃபைலுக்கு மாற்றி, அட்ஜஸ்ட் அலைன்மென்ட் கூப்பிட்டு, பிறகு பழையதையே திருப்பி வையுங்கள். திருப்பி வைக்க மறந்தால் ஆட்டோகேட் கிராஷ் ஆகவும் கூடும்.

தேதி ஃபீல்டாக, அதாவது மதிப்பைத் தானே எடுத்துக்கொள்ளும் எழுத்தாக இருந்தால் அதன் எழுத்தை மாற்றிப் பயனில்லை. ஃபீல்டைப் புதுப்பித்ததும் அது தன் மதிப்பையே மீண்டும் காட்டும்.

கோர் கன்சோலில்

ஸ்கிரிப்ட் ஃபைலில் இடைவெளி என்றால் என்டர். லேயர் பெயர் 'பீம் டெக்ஸ்ட்' என்றிருந்தால் பீம்-இலேயே என்டர் விழுந்துவிடும், மேற்கோளுக்குள் போடுங்கள். தவறி ஒரு வெற்று வரி இருந்தால் முந்தைய கமாண்ட் இன்னொருமுறை ஓடும். திரையில் பெட்டி திறக்கும் கமாண்டுகளைப் பெயருக்கு முன் ஹைஃபன் வைத்து அழையுங்கள். ஆக்டிவ்எக்ஸை நம்பி விஎல்ஏ என்று தொடங்கும் லிஸ்ப் ஃபங்ஷன்களால் எழுதிய பழைய ரூட்டீன்கள் இங்கே ஓடாது.

சேமிக்கும்போது

ஆட்டோகேடின் சொந்த ஃபைலான டிடபிள்யூஜி-யின் முதல் ஆறு எழுத்துகள் அதன் வடிவத்தைச் சொல்லிவிடும். ஏசி1027 என்றால் 2013 வடிவம், ஏசி1032 என்றால் 2018. 'கரன்ட்' என்று கொடுத்துச் சேமித்தால் எல்லாம் புது வடிவத்துக்குப் போகும், 2017 வைத்திருக்கும் கன்சல்டன்ட்டால் திறக்க முடியாது. வந்த வடிவத்திலேயே திருப்பிச் சேமியுங்கள். வேறு ஃபோல்டரில் சேமித்தால் சார்புப் பாதையில் இருக்கும் எக்ஸ்ரெஃப்கள் (இணைத்துக் காட்டும் வேறு டிராயிங்குகள்) அறுந்துவிடும். ஆட்டோகேட் வழக்கமாகப் போடும் .பேக் என்ற பழைய நகல் ஃபைலை உங்கள் ஸ்கிரிப்டும் போடும் என்று எதிர்பார்க்காதீர்கள், நகலை நீங்களே எடுங்கள்.

பக்கத்து சீட்டில் யாராவது அதே ஷீட்டைத் திறந்து வைத்திருந்தால் .டிடபிள்யூஎல் என்று ஒரு சிறு ஃபைல் அருகில் இருக்கும், திறந்தவர் பெயரோடு. ஓட்டுவதற்கு முன் அதைத் தேடுங்கள். தேடாமல் ஓட்டி, சேமிக்க முடியாத பிழையை ட்ரை-எக்செப்ட் போட்டு விழுங்கிவிடுபவர்களை எனக்குத் தெரியும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எழுதினேன்.

எல்லாம் முடிந்ததும் ஐந்து ஷீட்டை ஆட்டோகேடில் கையால் திறந்து, பிழை சோதிக்கும் ஆடிட் கமாண்ட் கொடுத்து, டைட்டில் பிளாக்கை ஜூம் செய்து பாருங்கள். அந்த ஐந்தில் ஒன்று மற்றவற்றைவிட வேறு அளவு ஷீட்டாக இருக்கட்டும்.