பழைய ஸ்கேனரிலிருந்து முன்பரப்பு ஆடி எடுத்தல்

முகம் பார்க்கும் கண்ணாடியில் பூச்சு பின்புறம் இருப்பதால், ஒளி முன்பரப்பிலும் பூச்சிலும் தனித்தனியே பட்டுத் திரும்பி, ஒரு விண்மீனுக்கு அருகே மங்கலான இன்னொன்றையும் காட்டிவிடுகிறது. வானியல் கருவிகளுக்கு முன்புறமே பூச்சுள்ள ஆடிதான் வேண்டும்.

காயலான் கடைக்கு வரும் பழைய ஜெராக்ஸ் இயந்திரங்களிலும் தடிமனான ஸ்கேனர்களிலும், நீண்டு குறுகிய இத்தகைய ஆடிகள் சிறு கிளிப்புகளில் பொருத்தப்பட்டிருக்கும். மெல்லிய ஸ்கேனர்களில் பெரும்பாலும் ஆடியே இராது. விளிம்பை மட்டும் பிடித்துக் கழற்றிய பின், கூரிய பென்சில் முனையால் ஓர் ஓரத்தில் மிக மெல்லத் தொட்டுப் பாருங்கள். முனையும் அதன் பிம்பமும் ஒட்டிக்கொண்டால் அது முன்பரப்பு ஆடி. நடுவே இடைவெளி தெரிந்தால் சாதாரணக் கண்ணாடி.

தூசியைக் காற்றூதியால் அகற்றுங்கள். கறை இருந்தால், ஒரு சொட்டுப் பாத்திர சோப்புத் திரவம் கலந்த வாலைவடிநீரில் நனைத்த பஞ்சை, அழுத்தாமல் அதன் எடையாலேயே இழுத்துச் செல்லுங்கள். சட்டை நுனியால் துடைக்கத்தான் கை போகும். அதில் பூச்சு கீறிவிடும்.

இந்த ஆடி, ஒளிப்பாதையை மடக்கும் எளிய சோதனைகளுக்குப் போதும். நியூட்டன் வகைத் தொலைநோக்கியில் ஒளியைப் பக்கவாட்டில் கண்ணருகு வில்லைக்குத் திருப்பும் இரண்டாம் ஆடியோ, பச்சை ஒளியின் அலைநீளத்தில் கால் பங்குக்குள், அதாவது சுமார் 0.14 மைக்ரோமீட்டருக்குள், சமதளமாக இருக்க வேண்டும். அதை விலைக்கு வாங்குவதே நல்லது. வெள்ளி நைட்ரேட்டும் அம்மோனியாவும் கலந்து வீட்டிலேயே பூச்சிட முனைவோர், மீந்த கரைசலைச் சேமித்து வைக்கவே கூடாது. நாள்பட அது வெடிக்கும் பொருளாக மாறக்கூடும்.