ஒரு நாள் செல்ஃப் எடுக்கும், ஒரு நாள் எடுக்காது: காரில் கோளாறு எங்கே?

காலையில் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆன கார், மதியம் கடை வாசலில் 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றுவிடும். பத்து நிமிடம் கழித்துத் தானாகவே சரியாகும். இன்ஜினை முதலில் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார் சில நேரம் மட்டும் வேலை செய்யாததுதான் இது. என் காருக்கும் இப்படித்தான் ஆனது. பேட்டரி போச்சு என்றார்கள், புதிது போட்டேன். மூன்றாம் நாள் மறுபடி அதே டிக். அதனால் எதையும் மாற்றுவதற்கு முன்னால் அளந்து பாருங்கள். வந்து வந்து போகிற கோளாறு பெரும்பாலும் ஏதோ ஓர் இணைப்பில்தான் இருக்கும்.

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், 10 நம்பர் ஸ்பேனர், உப்புத்தாள், சாவியைத் திருப்ப ஓர் ஆள், இவை போதும். கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக் போட்டுக்கொள்ளுங்கள்.

1. முதலில் காது கொடுங்கள்

ஹெட்லைட்டைப் போட்டுச் சாவியைத் திருப்புங்கள். 'டக டக டக' என்று அடித்து விளக்கும் மங்கினால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் (பேட்டரியில் கேபிள் மாட்டும் இடம்) லூஸ். ஒரே ஒரு டிக், விளக்கு மங்கவில்லை என்றால் செல்ஃப் மோட்டாரையும், அதற்குக் கரன்டை இணைத்துவிடும் சாலினாய்டையும் சந்தேகப்படலாம். சத்தமே இல்லையா? கிளட்ச் சுவிட்ச், ரிலே (சிறு கரன்டால் இயங்கும் சுவிட்ச்), சாவி திருப்பும் இக்னிஷன் சுவிட்ச் பக்கம் போங்கள்.

2. பேட்டரி

மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 காட்டினால் முழு சார்ஜ். 12-க்குக் கீழே என்றால் காலி. செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கக்கூடாது. இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை வரும். அந்த அளவுக்கு ஏறவே இல்லை என்றால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள்.

3. டெர்மினல்

கையால் திருகினால் அசையவே கூடாது. கழற்றும்போது மைனஸை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது கடைசியில் மாட்டுங்கள். மைனஸ் மாட்டியிருக்கையில் பிளஸ்ஸில் வைத்த ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். வெள்ளையாகப் பூத்திருந்தால் சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவித் துடையுங்கள்.

4. எர்த்

கரன்ட் இன்ஜின், பாடி வழியாக பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பும் இணைப்புதான் எர்த். பலரும் விட்டுவிடுகிற இடம் இதுதான். மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரியின் மைனஸ் கம்பத்திலேயே வையுங்கள், கிளாம்பில் வேண்டாம். சிவப்பு முனையை இன்ஜினில் பெயின்ட் இல்லாத இடத்தில் அழுத்துங்கள். வயரும் சட்டையும் பெல்ட்டில் மாட்டாமல் பார்த்துக்கொண்டு, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.5-ஐத் தாண்டினால் கரன்ட் திரும்பி வரும் வழியில் அடைப்பு.

என் காரில் 1.4 காட்டியது. பேட்டரி தட்டுக்கு அடியில் எர்த் கேபிள் பாடியோடு சேரும் போல்ட்டைக் கழற்றினேன். மேலே பார்க்க அவ்வளவு சுத்தம். லக்கை (கேபிள் நுனியில் உள்ள உலோக வளையத்தை) திருப்பினால் அடிப்பக்கம் முழுக்கக் காவி நிறத் துரு. லக்கும் பாடியும் பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேய்த்து இறுக்கிய பிறகு 0.1. அப்புறம் அந்த டிக் வரவே இல்லை.

பேட்டரியின் பிளஸ் கம்பத்துக்கும் செல்ஃப் மோட்டாரின் தடித்த கேபிள் போல்ட்டுக்கும் இடையே இதே சோதனையைச் செய்யலாம்.

5. கோளாறு வரும்போது அளங்கள்

செல்ஃப் ஒழுங்காக எடுக்கிற நேரத்தில் அளந்தால் எல்லா அளவும் சரியாகவே வரலாம். மீட்டரை டேஷ்போர்டு பெட்டியிலேயே வைத்திருங்கள். செல்ஃப் எடுக்காத அந்த நிமிடம், திரும்பத் திரும்பச் சாவியைத் திருப்பாமல் பானெட்டைத் திறந்து 2, 4 இரண்டையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்கிடம் அந்தத் தாளைக் கொடுங்கள்.