ஆடாதோடைக் குடிநீரும் சினை எலியும்: சோதனையை நடத்தும் முறை

ஆடாதோடைக் குடிநீர் சினையைப் பாதிக்கிறதா என்று எலியில் பார்க்கும் முறை இது. விலங்கு ஒழுக்கக் குழுவின் அனுமதி கையில் வந்த பிறகுதான் எலிக்குக் கை வையுங்கள். செடியின் பூவும் இலையும் சேர்ந்த கிளையொன்றை உலர்த்திப் பேராதனைத் தேசிய மூலிகைச்சாலையில் காட்டி இனத்தை உறுதிசெய்யுங்கள். எங்கே, எந்த மாதம் பறித்தது என்றும் குறித்து வையுங்கள். கார்த்திகை மழையில் பறித்த இலையும் ஆவணி வறட்சியில் பறித்த இலையும் ஒன்றல்ல; கருப்பையைச் சுருக்கும் வசிசின் என்ற இலைப்பொருளின் அளவு மாறும்.

நிழலில் உலர்த்திய இலை 100 கிராமை 1600 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரில் போட்டு, எட்டிலொன்றாக, 200 மில்லிலீற்றருக்கு வற்றவிடுங்கள். கிணற்று நீர் வேண்டாம். வன்னிக் கிணறுகளில் சுண்ணாம்பு அதிகம், பல இடங்களில் புளோரைட்டும் உண்டு. வடித்ததை 60 பாகைக்குக் கீழே நீர்த்தொட்டியில் வற்றவைத்து, உலர்ந்த சாற்றை நிறுங்கள்.

அளவை மனிதரிடமிருந்து கணியுங்கள். 100 கிராமில் 15 கிராம் சாறு கிடைத்தது, நோயாளி நாளுக்கு 8 கிராம் இலை எடுக்கிறார் என்று வைத்தால் அது 1.2 கிராம் சாறு; 60 கிலோ உடலுக்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம். மனித அளவை உடற்பரப்பின்படி எலிக்கு மாற்றும் காரணியான 6.2ஆல் பெருக்கினால் கிலோவுக்கு 124 மில்லிகிராம்; இது முதற்குழுவுக்கு. மற்ற இரு குழுக்களுக்கு அதன் மும்மடங்கும் எண்மடங்கும். நான்காவதான கட்டுப்பாட்டுக் குழுவுக்கு வெறும் நீர்.

பெண் எலிகளின் யோனிப் பூச்சை (யோனியில் எடுத்துக் கண்ணாடியில் பூசிய கலங்களை) நுணுக்குக்காட்டியில் தினமும் பாருங்கள். கலக்கரு தெரியும் உருண்டைக் கலங்கள் நிறைந்த அன்று மாலை ஆணுடன் விடுங்கள். மறுநாள் அதிகாலை பூச்சில் விந்து தெரிந்தால் அதுவே 0ஆம் நாள். சிலர் இதையே 1ஆம் நாள் என்பார்கள். எதைக் கொண்டீர்கள் என்று பதிவேட்டின் முதற்பக்கத்தில் எழுதாவிட்டால் பின்னர் வரும் எல்லாமே குழம்பும். கரு கருப்பையில் பதிவதைக் குடிநீர் தடுக்கிறதா என்று பார்க்க 0 முதல் 6ஆம் நாள் வரை, உறுப்பு உருவாவதைப் பார்க்க 6 முதல் 15 வரை கொடுங்கள்.

நுனி உருண்ட ஊசியால் வாய்வழியே இரைப்பைக்குள், 100 கிராம் எடைக்கு 1 மில்லிலீற்றர், தினமும் ஒரே நேரத்தில், அன்றைய எடைக்கேற்ப. தடை தெரிந்தால் தள்ள வேண்டாம். வாதனாளிக்குள் (மூச்சுக்குழாய்க்குள்) போனால் எலி செத்துவிடும், பழி மூலிகைக்குப் போகும். அறை 22 பாகையில், மூன்று பாகை கூடலாம் குறையலாம். சித்திரை வெயிலில் மின்வெட்டு வந்தால் வெப்பமே முளையத்தை அழிக்கும். ஆகவே கட்டுப்பாட்டுக் குழுவின் கூடுகளைத் தனி மூலையில் வைக்காமல் மற்றவற்றோடு கலந்து அடுக்குங்கள்.

20ஆம் நாளே எலியை மயக்கமருந்து மிகையாய்க் கொடுத்துக் கொன்று திறவுங்கள். ஈனும்வரை விட்டால் செத்த குட்டியையும் ஊனக் குட்டியையும் தாய் தின்றுவிடும். சூலகத்து மஞ்சட்சடலங்கள் (முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகுபவை), கருப்பையில் கரு பதிந்த இடங்கள், உயிருள்ள முதிர்மூலவுருக்கள் (வளர்ந்த கருக்கள்) மூன்றையும் எண்ணுங்கள். உதாரணமாக 13, 11, 10 என்றால் பதிவுக்கு முந்திய இழப்பு 2/13, அதாவது 15.4%, பிந்தியது 1/11, அதாவது 9.1%. வெறுமையாகத் தெரியும் கருப்பையை 10% அமோனியம் சல்பைட்டில் 10 நிமிடம் ஊறவிடுங்கள் (புகையகற்றிக்குள், நாற்றம் தாங்காது). பதிந்து அழிந்த இடங்கள் கறுப்பாய்த் தெரியும்.

தாயின் எடை குறைந்த குழுவில் குட்டி குறைந்தால் அது பட்டினியாலும் இருக்கலாம். அதே அளவு குறைந்த தீனி தின்ற இன்னொரு குழு இல்லாமல் மூலிகையைக் குற்றம் சாட்ட முடியாது. புள்ளிவிவரத்தில் அலகு தாய்தான், குட்டியல்ல: ஒரு தாயின் 12 குட்டிகளை 12 மாதிரிகளாக எண்ணினால் இல்லாத வித்தியாசம் இருப்பதாய்க் காட்டும். குழுவுக்கு 20 சினைத் தாய்கள் தேவை. சில சினை நிற்காது என்பதால் சற்றுக் கூடுதலாகவே இணைசேருங்கள்.