ஆடும் கூட்டத்துக்கு நையாண்டி மேளம் வாசிப்பது எப்படி

கோயில் கொடை விழாக்களில் நாகசுரம், தவில், பம்பை, உறுமி சேர்த்து வாசிக்கும் நம் பக்கத்து நையாண்டி மேள செட்டுகளைத் திருமண வரவேற்புக்கும் கல்லூரி விழாவுக்கும் அழைப்பவர்கள், டிஜேயோடு சேர்ந்து ஒரு மணி நேரம் இளைஞர்களை ஆட வைக்க முடியுமா என்று கேட்கிறார்கள். முடியும். ஆனால் விடிய விடிய வாசிப்பதைச் சுருக்கி ஒரு மணி நேரத்தில் அடைத்தால் எடுபடாது. நிகழ்ச்சியை அடியிலிருந்து மாற்றிக் கட்ட வேண்டும்.

முதலில் வேகத்தை முடிவு செய்யுங்கள். டிஜேக்கள் போடும் ஹவுஸ் வகை இசை பெரும்பாலும் நிமிடத்துக்கு 120 முதல் 128 அடி வரை, நான்கு நான்காக நடக்கிறது. நம் குத்தடியோ ஓர் அடியை மூன்றாகப் பிரிக்கும் திஸ்ர நடையில் துள்ளுவது. இரண்டும் மோதும் என்று பலர் அஞ்சுகிறார்கள். டிஜேயின் ஒவ்வோர் அடிக்குள்ளும் ஒரு ‘தகிட’வை, அதாவது மூன்று எழுத்துச் சொல்லை, வைத்துத் தவிலை வாசித்துப் பாருங்கள், கீழே கால் நான்காக மிதிக்கும், மேலே இடுப்பு மூன்றாகத் துள்ளும். நையாண்டி மேளம் இந்தக் கூட்டத்துக்குக் கொடுக்கக்கூடிய சிறந்த பொருள் இதுதான் என்பது என் எண்ணம்.

அடுத்தது அளவு. டிஜேயின் இசை எட்டு எட்டு ஆவர்த்தங்களாக மாறுகிறது, நான்கு அடி சேர்ந்தது ஓர் ஆவர்த்தம்; 128 வேகத்தில் அப்படி 32 சேர்ந்தால் சரியாக ஒரு நிமிடம். நாகசுரக்காரர் ராகத்தை விரித்துக்கொண்டே போகாமல், எட்டு ஆவர்த்தத்துக்குள் அடங்கும் ஒரு சிறு இசைத்துண்டை, அதாவது ஒரு பிடியை, எடுத்துத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். கச்சேரிப் பழக்கம் உள்ளவருக்கு இது கசக்கும். ஆடுபவருக்கோ அந்தத் திரும்புதல்தான் பிடிமானம். உச்சத்துக்கு முன் எல்லா வாத்தியத்தையும் நிறுத்தி, எட்டு ஆவர்த்தம் உறுமியின் இழுப்பை மட்டும் தனியே விட்டு, பிறகு தவிலும் பம்பையும் ஒன்றாக இறங்கட்டும். அந்த நேரத்தில் டிஜே தன் கீழ்த்தட்டு ஒலியைக் குறைக்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். இல்லாவிட்டால் உறுமியின் உறுமல் அதற்குள் அமுங்கிப் போகும்.

ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் செல்கிறது. பத்து மீட்டர் தள்ளி நிற்கும் ஸ்பீக்கரைக் கேட்டு வாசித்தால் சுமார் 30 மில்லி வினாடி பிந்துவீர்கள். 128 வேகத்தில் ‘தகிட’வின் ஓர் எழுத்துக்குக் கிடைப்பதே 156 மில்லி வினாடி என்பதால், அந்தப் பிசகு காதுக்கு நன்றாகவே தெரியும். தவில்காரர் ஒரு காதில் மட்டும் ஹெட்போன் மாட்டி, டிஜேயின் வேகத்தைக் காட்டும் கிளிக் ஒலியைக் கேட்கட்டும். மற்றவர்கள் மேடையில் அவர் கையைப் பார்த்து வாசித்தால் போதும்.

சுருதியை டிஜேதான் மாற்றிக்கொள்ள வேண்டும், ஏனெனில் கணினியில் சுருதியின் கட்டையை ஏற்றி இறக்குவது எளிது, நாகசுரத்தில் எளிதல்ல. ஏசி மண்டபத்தின் குளிரில் நாகசுரத்தின் சுருதி இறங்கும். ஆகவே ஊதுமுனையான சீவாளியை நனைத்து, அந்த அறைக்குள்ளேயே கால் மணி நேரம் ஊதிய பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். மகுடம், தப்பு போன்ற பறைகளைச் சேர்ப்பவர்கள் தோலை வாசலிலேயே தீயில் காய்ச்சிவிட வேண்டும்.

ஒன்றை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்: சாமியை அழைக்கும் அடி. ஒரு வரவேற்பில், கூட்டம் சூடாகட்டும் என்று நான் அதைத் தொட்டேன். பந்தியிலிருந்து எழுந்து வந்த ஒரு பெரியம்மாவுக்கு அருள் வந்துவிட்டது. மணமக்கள் விக்கித்து நிற்க, திருநீறு தேடி அலைந்தோம். தவறு என்னுடையதே.

கொடையில் சாமியாடியின் காலைப் பார்த்து அடியை ஏற்றி இறக்கப் பழகிய கண்ணை இங்கும் பயன்படுத்துங்கள். முன்வரிசைக்காரர் குதித்தால் போதாது. பின்வரிசையில் கைகட்டி நிற்பவரின் குதிகால் எழும்பும்வரை அடுத்த பிடிக்குப் போகாதீர்கள். திறந்தவெளி என்றால் இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை மட்டுமல்ல, மேளத்தையும் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். ஆகவே உங்கள் உச்சத்தை 9.45க்குள் வைத்து, 10 மணி வரையுள்ள மீதி நேரத்துக்கு ஒலிபெருக்கி இல்லாத வெறும் மேளத்தோடு கூட்டத்துக்குள் இறங்கிவிடுங்கள்.